மரமும் மனையும் – 17: முத்திரை விழுந்த கட்டை

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில் தேர் கல்லால் ஆனது. எட்டாம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து சிவனுக்குக் கருவறை எடுத்தார்கள். பிற்காலத்தில் அதன் முன்னே ஒரு மண்டபத்தைத் தேரின் வடிவில் எழுப்பி, சக்கரங்களும் இழுத்துச் செல்லும் குதிரைகளும் செதுக்கினார்கள். தச்சன் மரத்தில் செய்வதைச் சிற்பி கல்லில் செய்திருக்கிறான். மரம் செல்லரிக்கும், உளுத்துப் போகும், கல் நிற்கும். அந்தக் குதிரைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம், இந்த வறண்ட சீமையில் நல்ல மரம் எப்போதுமே அருமைப் பொருளாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கோயிலை விட்டு வெளியே வந்து கீரனூர்ப் பக்கம் போனால் இந்தச் சீமையின் இன்றைய மரத்தைப் பார்க்கலாம். அது தைல மரம். இங்குள்ள பெரியவர்கள் அதை ஆர்.எஸ்.பதி என்பார்கள். நீலகிரித் தைலம் விற்ற கம்பெனியின் பெயர் குப்பியிலிருந்து இறங்கி மரத்தோடு ஒட்டிக்கொண்டது. உண்மையில் தைலம் காய்ச்சுவது மலையில் வளரும் வேறு இனத்தில். சமவெளியில் நிற்பது கூழுக்கும் பலகைக்கும் வெட்டுகிற இனம்.

சென்ற இதழில் ராயவரம், கானாடுகாத்தான் வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்தோம். அந்தத் தூண்கள் எந்தக் காட்டில் நின்றன, யார் வெட்டினார்கள் என்று வீடு கட்டிய செட்டியார் கேட்டிருக்க வேண்டிய தேவை இல்லை. இன்று சென்னையில் பசுமைக் கட்டடம் எழுப்புகிறவர் கேட்டாக வேண்டும். அதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. அந்தச் சான்றிதழை யார் தருவது, யாருடையது செல்லும் என்பதில் முப்பது ஆண்டுச் சண்டையும் இருக்கிறது. இந்த இதழில் அந்தச் சண்டையைப் பார்ப்போம். அது கடைசியில் வந்து நிற்கும் இடம் நம் கண்மாய்க்கரை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மரத்துக்கு முத்திரை குத்துவது புதிய பழக்கம் அல்ல. பர்மாவில் தேக்கை உடனே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். நின்ற நிலையிலேயே அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதுதான் காரணம். காய்ந்த பிறகு சாய்த்து, யானையைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, வெள்ளத்தில் விட்டு, ரங்கூன் வரைக்கும் மிதக்கவிடுவார்கள். வழியில் ஒருவர் கட்டை இன்னொருவர் கட்டையோடு கலந்துவிடும். ஆகவே கட்டையின் முகத்தில் சுத்தியலால் அடையாளம் குத்துவார்கள். 1856-இல் பெகு காடுகளுக்கு அதிகாரியாக வந்த ஜெர்மானியர் டீட்ரிக் பிராண்டிஸ், பிறகு 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனார். மரத்தை எண்ணி, அளந்து, எத்தனை வெட்டலாம் என்று கணக்குப் போட்டு வெட்டும் முறையை இந்த நாட்டில் ஊன்றியவர் அவர்.

அந்தக் கணக்கில்தான் ஒரு ராஜ்யம் போயிற்று. 1885-இல் மேல் பர்மாவின் மன்னர் தீபோவின் அமைச்சரவை, பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி வெட்டிய தேக்குக்கும் கட்டிய பணத்துக்கும் பொருந்தவில்லை என்று சுமார் 23 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. கம்பெனி மறுத்தது. பிரிட்டிஷார் நடுவர் விசாரணை கேட்டார்கள், பிறகு இறுதி எச்சரிக்கை விட்டார்கள், பிறகு படை அனுப்பினார்கள். நவம்பர் முடிவதற்குள் மண்டலே விழுந்தது. மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தினார்கள். 1916-இல் அங்கேயே இறந்தார். போருக்கு வேறு காரணங்களும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் மண்டலேயில் கால் ஊன்றிவிடுவார்கள் என்ற அச்சம் பெரிது. ஆனாலும் கையில் கிடைத்த சாக்கு, எண்ணிக்கை பொருந்தாத தேக்குக் கட்டைதான். செட்டிநாட்டு முற்றங்களில் வரிசையாக நிற்கும் தூண்களுக்கு இப்படியும் ஒரு முன்கதை இருக்கிறது.

நூறு ஆண்டு கழித்து அதே கேள்வி வேறு உடையில் வந்தது. 1980-களில் அமேசானிலும் போர்னியோவிலும் காடு அழிவதைப் படத்தில் பார்த்த ஐரோப்பிய மக்கள், வெப்பமண்டல மரத்தையே வாங்க மாட்டோம் என்றார்கள். ஒட்டுமொத்தமாக மறுத்தால் ஒழுங்காகக் காடு வளர்ப்பவனுக்கும் பிழைப்பு போகும். 1992-இல் ரியோ மாநாடு கூடியும் காடுகளுக்குக் கட்டாய ஒப்பந்தம் எதுவும் பிறக்கவில்லை. அரசுகள் செய்யாததைத் தாங்களே செய்ய முனைந்த சூழல் அமைப்புகளும் மர வியாபாரிகளும் சமூக அமைப்புகளும் 1993-இல் கனடாவின் டொரான்டோவில் கூடி எஃப்.எஸ்.சி. என்ற வனப் பொறுப்பாண்மை மன்றத்தைத் தொடங்கினார்கள். அதில் மூன்று அறைகள்: பொருளாதாரம், சமூகம், சூழல். மூன்றுக்கும் சம வாக்கு. காட்டை ஆய்வு செய்து ஒரு சான்று தருவார்கள். அந்தக் காட்டிலிருந்து மில், பலகை ஆலை, கடை என்று கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் தொடர்ச்சான்று என்று இன்னொன்று தருவார்கள். பர்மாவின் சுத்தியல் குறி காகிதமாக மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மரக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் சங்கம் 1994-இல் எஸ்.எஃப்.ஐ. என்ற தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் சிறு காட்டு உடைமையாளர்கள் 1999-இல் பி.இ.எஃப்.சி. என்ற குடையை விரித்தார்கள். ஆக, மூன்று முத்திரைகள். கடைக்காரர் பலகையைத் தூக்கிக் காட்டும்போது இலை படம் போட்ட பச்சை அடையாளம் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

சண்டை சூடானது கட்டடத்தில்தான். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் 'லீட்' தரவரிசை, கட்டடத்துக்குப் புள்ளி போடும் முறை. தண்ணீர் மிச்சத்துக்குப் புள்ளி, மின்சார மிச்சத்துக்குப் புள்ளி, கட்டடத்தின் மரத்தில் பாதி சான்று பெற்றதாக இருந்தால் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி எஃப்.எஸ்.சி. மரத்துக்கு மட்டும் என்றார்கள். ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் அரசுக் கட்டடங்கள் எல்லாம் லீட் பின்னால் போகத் தொடங்கியதும் அந்தப் புள்ளி பெரிய சந்தையின் வாசலாயிற்று. 2009-இல் சூழல் அமைப்பான ஃபாரஸ்ட்எதிக்ஸ், எஸ்.எஃப்.ஐ. முத்திரை நுகர்வோரை ஏமாற்றுகிறது என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2010-இல் எல்லா முத்திரைகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம் என்ற திருத்தம் மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்து, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது. 2011 டிசம்பரில் மெய்ன் மாநில ஆளுநர், எங்கள் மாநில மரத்தை ஏற்காத தரவரிசை எங்கள் அரசுக் கட்டடங்களுக்கு வேண்டாம் என்று ஆணை போட்டார். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி தொடர்ந்தன. மூன்றும் பைன் தோட்டங்கள் நிறைந்த மாநிலங்கள். கடைசியில் 2016 ஏப்ரலில் லீட் ஒரு மாற்றுவழி திறந்து, மற்ற முத்திரைகளுக்கும் இடம் கொடுத்தது. வென்றது யார் என்று கேட்டால், மரம் விற்றவர் என்றுதான் சொல்வேன்.

எஃப்.எஸ்.சி.யும் களங்கம் படாமல் இல்லை. அதன் 'மிக்ஸ்' முத்திரையைப் பாருங்கள். ஆலைக்குள் சான்றுபெற்ற மரமும் சான்றில்லாத மரமும் வருகின்றன. இன்ன விகிதத்தில் வந்தது என்று வரவுக் கணக்கு வைத்துக்கொண்டு, அதே அளவுப் பலகைக்கு முத்திரை போடலாம். முத்திரை விழுந்த அந்தப் பலகையிலேயே சான்றுபெற்ற நார் இருக்க வேண்டும் என்பதில்லை. சான்றில்லாத பங்கும் திருட்டு மரமாக இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சரிபார்ப்பது பெரும்பாலும் காகிதத்தில். எஃப்.எஸ்.சி.யைத் தொடங்கிய காலத்திலிருந்து கூட நின்ற கிரீன்பீஸ் சர்வதேச அமைப்பு 2018-இல் உறுப்பினர் பொறுப்பைப் புதுப்பிக்காமல் விலகியது. எல்லா நாட்டிலும் இந்த முத்திரை காட்டைக் காக்கும் என்ற நம்பிக்கை அதற்குப் போய்விட்டது.

இந்தியாவுக்கு வருவோம். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் காடு சாய்வதைக் கண்டு பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-இல் வந்த ஆணை நாட்டையே உலுக்கியது. காடு என்றால் அகராதி சொல்லும் பொருளே பொருள், யார் பெயரில் பட்டா இருந்தாலும் சரி. ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டு மரத்தில் கை வைக்கக்கூடாது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போகக்கூடாது. உரிமமில்லாத மர அறுவை மில்கள் மூடின. அந்த ஒரு மனுதாரரின் பெயரில் பிறகு எத்தனை ஆணைகள்! ஆனால் நம் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் மரம் வேண்டியிருந்தது. அது கப்பலில் வந்தது. மலேசியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தது, நியூசிலாந்திலிருந்து பைன் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய கட்டைகள் செங்கோட்டை மரவாடிகளுக்குப் போயின. பர்மா 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. 2021-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அரசு மர நிறுவனத்தின் மீதே அமெரிக்கா தடை விதித்தது.

இறக்குமதி மரம் பெருகிய காலத்தில்தான் பசுமைக் கட்டடம் இங்கே வேர்விட்டது. 2001-இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம். 2003-இல் ஹைதராபாத்தின் சி.ஐ.ஐ. – சொராப்ஜி கோத்ரெஜ் மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் பெற்ற முதல் கட்டடம். சென்னை கிண்டி ஒலிம்பியா டெக் பார்க் பிறகு வந்தது. நம் நாட்டுத் தரவரிசைகளிலும் சான்றுபெற்ற மரத்துக்குப் புள்ளி உண்டு. ஆனால் இந்தியக் காடுகளில் சான்று பெற்றவை அன்று மிகச் சிலவே. ஆகவே புள்ளி தேடிய கட்டடக் கலைஞர், உள்ளூர் வேம்பையும் பூவரசையும் விட்டுவிட்டு, சான்றோடு வரும் வெளிநாட்டு மரத்தை எடுத்தார். கடல் கடந்து வரும் கட்டைக்கு ஒரு புள்ளி, பக்கத்து ஊர் வேம்புக்குப் புள்ளி இல்லை. காரைக்குடியில் இடித்த வீட்டின் பழைய தேக்கை வாங்கி மீண்டும் பயன்படுத்தினால் அதற்குப் புள்ளி உண்டு என்பது மட்டும் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நூறு வயதுத் தேக்கை மறுபடி உத்தரமாக ஏற்றுவதைவிடப் பசுமையான வேலை வேறு என்ன இருக்கிறது?

இனி தைல மரம். 1974-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் அதே ஆண்டு பிறந்தது. காகித ஆலைகளுக்குக் கூழ்மரம் வேண்டும், தரிசு என்று எழுதப்பட்ட காப்புக்காடுகள் இருக்கின்றன, நடுவோம் என்றார்கள். தரிசு என்று எழுதிய அந்தக் காட்டில் காரை, சூரை, கிளுவை, வீரை, காசா, உலக்கைப்பாலை நின்றன. குட்டைக் காடு, முள் காடு, பார்க்க அழகில்லாத காடு. ஆனால் ஆட்டுக்குத் தழை, வீட்டுக்கு விறகு, வைத்தியத்துக்கு வேர், மழைநீருக்கு வழி. இன்று அதன் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அய்யனார் கோயில் காடுகளுக்குத்தான் போக வேண்டும்.

வெட்டு நடக்கும் ஒரு தைலத் தோப்பில் ஒரு காலை முழுக்க நின்றிருக்கிறேன். சாய்ந்த மரத்தை ஆள் நீளத்துக்கும் குறைவான துண்டுகளாக அறுக்கிறார்கள். பெண்கள் குந்தி உட்கார்ந்து, கத்தி முதுகால் தட்டிப் பட்டையை நெம்புகிறார்கள். பட்டை நீள நீளமாக உரிந்து விழ, உள்ளே கட்டை ஈரத்தில் பளபளக்கிறது, தொட்டால் வழுக்குகிறது. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் நின்ற பெரியவர் எனக்குக் காட்டினார். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக மண் அணைத்திருந்தது. ஒவ்வொரு அணைப்புக்குப் பின்னாலும் மழைநீர் தேங்கிக் காய்ந்த வண்டல், வெடிப்பு விட்டிருந்தது. "மழ பேயுது தம்பி, கம்மாய்க்கு வரல" என்றார். தோப்புக்குக் கீழே வரத்துவாரியைக் கூட்டிப்போய்க் காட்டினார். அதில் சீமைக்கருவேலம் முளைத்து ஆள் உயரம் நின்றது.

இது அவர் ஒருவர் குறை அல்ல. புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிப் போராடியிருக்கிறார்கள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கிறார்கள். தைல மரம் தண்ணீரை உறிஞ்சுமா என்பதில் அறிவியலாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. எல்லா மண்ணிலும் ஒரே விடை கிடையாது. ஆனால் பெங்களூரு பக்கம் ஹொசகோட்டேயில் நீரியல் ஆய்வாளர் இயன் கால்டரின் குழு 1990-களின் தொடக்கத்தில் அளந்தபோது, அங்கே தைல மரம் பெய்த மழையைவிட அதிகம் குடித்திருந்தது. வேரை ஆழத்தில் விட்டு, மண்ணில் முன்பே சேர்ந்திருந்த ஈரத்தையும் எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்கா 1998-இன் தண்ணீர்ச் சட்டத்தில் வணிகத் தோட்ட மரத்தையே ஓடைநீரைக் குறைக்கும் தொழில் என்று வகைப்படுத்தி உரிமம் வாங்க வைத்தது. கர்நாடக அரசு 2017-இல் புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1983-இல், தும்கூர் விவசாயிகள் நாற்றங்காலில் இறங்கித் தைலக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

இப்போது சான்றிதழின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தத் தோப்பைப் பாருங்கள். 1994 நவம்பருக்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்து நட்ட தோட்டத்துக்குச் சான்று இல்லை என்பது எஃப்.எஸ்.சி.யின் பழைய விதி. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய கொள்கை அந்த எல்லையை 2020 டிசம்பர் 31-க்கு நகர்த்தி, இடையில் அழித்தவர்கள் பரிகாரம் செய்தால் உள்ளே வரலாம் என்றது. புதுக்கோட்டையில் தைலம் ஏறியது பெரும்பாலும் அந்தப் பழைய எல்லைக்கும் முன்னால். ஆக, அந்தக் கேள்வியில் அது தடையில்லாமல் தேறிவிடும். அடுத்து, பத்து ஆண்டுக்குள் அறுவடையாகும் மூலப்பொருளுக்குப் பழைய லீட் தனியாக ஒரு புள்ளி வைத்திருந்தது. 'விரைந்து வளரும் பொருள்' என்று அதற்குப் பெயர். தைலம் ஐந்தாறு ஆண்டில் வெட்டுக்கு வரும். எந்த வேகத்தைப் பார்த்துக் கண்மாய்க்காரர் பயப்படுகிறாரோ, அதே வேகத்துக்கு நகரத்தில் புள்ளி.

நீர்நிலைக்கு வரும் பாதிப்பை மதிப்பிட வேண்டும், பாதிக்கப்படுவோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று எஃப்.எஸ்.சி. விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. குறை விதியில் இல்லை என்பது என் முடிவு. ஆய்வாளர் தோப்பின் எல்லைக்கல் வரை நடக்கிறார். கண்மாய் எல்லைக்கல்லுக்கு வெளியே, ஒரு கல் தூரம் கீழே இருக்கிறது. ஆயக்கட்டுக்காரர் பெயர் அந்த விசாரணைப் பட்டியலில் தானாக ஏறாது. யாராவது ஏற்ற வேண்டும்.

பட்டா நிலத்தில் தைலம் போட்ட சிறு விவசாயியையும் நான் குற்றவாளியாக்க மாட்டேன். மானாவாரிக் கடலை பொய்த்து, வேலைக்கு ஆள் கிடைக்காமல், பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு, நட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பயிர் அவருக்கு இது ஒன்றுதான். 1988-இன் தேசிய வனக் கொள்கையே ஆலைகள் காட்டை நம்பாமல் விவசாயியிடம் நேரடியாக மரம் வாங்கட்டும் என்றது. பக்கத்திலேயே மணப்பாறை மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு காகித நிறுவனத்தின் அட்டை ஆலை 2016 முதல் ஓடுகிறது. கட்டைக்கு வாங்குபவர் இருக்கிறார். விவசாயியின் மேல் சான்றிதழ் செலவையும் சுமத்தினால் அவர் இடைத்தரகரிடம்தான் போவார்.

2023 டிசம்பரில் ஒன்றிய அரசு இந்திய வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டத்தை அறிவித்தது. போபாலின் இந்திய வன மேலாண்மை நிறுவனம் அதை நடத்துகிறது. காட்டுக்கு ஒன்று, காட்டுக்கு வெளியே உள்ள மரங்களுக்கு ஒன்று, கைமாறும் தொடருக்கு ஒன்று என மூன்று சான்றுகள். இதை நான் வரவேற்கிறேன். பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்த வெளிநாட்டு முத்திரையைவிட நம் மண்ணின் முத்திரை நல்லது. பூவரசும் வேம்பும் நிற்கும் விவசாயிக்கும் முதல்முறையாக ஒரு கதவு திறக்கிறது. ஆனால் கதவு திறக்கும்போதே கண்மாயை உள்ளே கொண்டுபோக வேண்டும். தோப்புக்குக் கீழே உள்ள ஆயக்கட்டின் ஒப்புதல் இல்லாமல் மேலே உள்ள தோப்புக்குச் சான்று இல்லை என்று ஒரு வரி அந்தத் திட்டத்தில் ஏற வேண்டும். பர்மாவில் சுத்தியல் கம்பெனியின் கையில் இருந்தது, அமெரிக்காவில் மர வியாபாரியும் சூழல் அமைப்பும் அதற்காக இழுத்துக்கொண்டார்கள். தண்ணீர் இழந்தவன் கையில் அது இன்னும் வரவில்லை.

குளத்தூர் வட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்று தரும் நிறுவனங்கள் ஆய்வுக்கு வருமுன் உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும், ஆய்வின் சுருக்கத்தைப் பொதுவில் வைத்தாக வேண்டும். அது உங்கள் உரிமை. அக்டோபர் 2-இலும் ஜனவரி 26-இலும் கூடும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். பொதுவாக 'தண்ணீர்ப் பிரச்சினை' என்று எழுதாதீர்கள். உங்கள் கண்மாயின் பெயர், வரத்துவாரி தொடங்கும் இடம், எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, கடைசியாக எந்த ஆண்டு கலிங்கு வழிந்தது என்பதை எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.